காற்றடைத்த கயாக் படகில் மீன்பிடிக்கச் செல்கிறீர்களா? காற்றழுத்தம் முதல் ஏரி அனுமதி வரை அறிய வேண்டியவை

ஹைதராபாத்: பையில் மடித்து வைத்து, கரைக்குச் சென்றதும் காற்றடைத்து நீரில் இறக்கும் கயாக் படகுகள் நகரவாசிகளுக்கு வசதியானவை. ஆனால், அவற்றை மீன்பிடிக்கப் பயன்படுத்தும்போது வெயில், தூண்டில் முள், பிறரின் மீன்பிடி உரிமை ஆகிய மூன்றையும் கவனிக்காவிட்டால் பொழுதுபோக்கு ஆபத்திலோ தகராறிலோ முடியக்கூடும்.

ஹைதராபாத்தின் வடகிழக்கே உள்ள ஏ.எஸ்.ராவ் நகர், 1967-ல் தொடங்கப்பட்ட இந்திய மின்னணுக் கழகத்தின் (இசிஐஎல்) நிறுவனர் அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கிய பகுதி. அருகிலேயே காப்ரா ஏரி உள்ளது. இத்தகைய நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் 10 முதல் 12 அடி நீளமுள்ள பிளாஸ்டிக் கயாக்கை வைக்க இடம் கிடைப்பது அரிது. அதை ஏற்றிச் செல்ல காரின் கூரையில் தனிச் சட்டமும் தேவை. காற்றடைத்த கயாக்கோ பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ எடைக்குள் அடங்கி, கார் டிக்கியில் வைக்கக்கூடிய பையாகிவிடுகிறது.

அறைகளும் அழுத்தமும்: இவ்வகைப் படகுகளில் பொதுவாக இரு பக்கங்களுக்கும் அடித்தளத்துக்கும் தனித்தனிக் காற்றறைகள் இருக்கும். ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும் என்பதே இதன் பயன். வழக்கமான பி.வி.சி. அறைகளுக்கு 1 முதல் 3 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் போதுமானது. உள்ளே ஆயிரக்கணக்கான நூல்களால் இணைக்கப்பட்ட 'டிராப் ஸ்டிட்ச்' வகை அடித்தளத்துக்கு 6 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை தேவைப்படலாம். சரியான அளவு ஒவ்வொரு அறையின் வால்வு அருகிலோ கையேட்டிலோ குறிப்பிடப்பட்டிருக்கும்.

முதலில் தரையில் கல், கண்ணாடித் துண்டு, கருவேல முள் இல்லாத இடத்தில் தார்ப்பாயை விரித்து அதன்மேல் படகைப் பரப்ப வேண்டும். எல்லா அறைகளையும் வடிவம் பெறும் அளவுக்கு மட்டும் ஊதி, இருக்கையைப் பொருத்தி, பின்னர் கையேட்டில் கூறிய வரிசையில் முழு அழுத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். அழுத்தமானி கொண்ட கைப்பம்பு அல்லது கால்பம்பே ஏற்றது. பஞ்சர் கடை கம்ப்ரசரைப் பயன்படுத்தக் கூடாது. கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ.-க்கு மேல் ஏற்றும் அந்த இயந்திரம், சில நொடிகளில் படகின் தையலைப் பிளந்துவிடும்.

வெயில் செய்யும் வேலை: ஹைதராபாத்தின் கோடையில் கவனிக்க வேண்டிய முக்கியச் செய்தி இதுதான். காலையில் 25 டிகிரி செல்சியஸில் 2 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றடைத்த படகைக் கரையில் வெயிலில் விட்டால், அடர்நிறப் பரப்பின் உள்ளே உள்ள காற்று 50 டிகிரியை எட்டக்கூடும். படகின் கொள்ளளவு மாறாது எனக் கொண்டால், மானி காட்டும் அழுத்தம் சுமார் 3.3 பி.எஸ்.ஐ. ஆகிவிடும்.

அதாவது, வெப்பம் 25 டிகிரி உயர்ந்ததற்கே அழுத்தம் ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. மானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட பகுதியை மட்டுமே. வெப்பத்தால் விரிவதோ உள்ளே இருக்கும் காற்றின் மொத்த அழுத்தம். எனவே கரையில் ஓய்வெடுக்கும்போது படகை நிழலுக்கு இழுக்க வேண்டும் அல்லது சிறிது காற்றை வெளியேற்ற வேண்டும்.

இதற்கு எதிரானதும் நடக்கும். 40 டிகிரி வெயிலில் 2 பி.எஸ்.ஐ. நிரப்பிய படகு 28 டிகிரி நீரில் குளிரும்போது அழுத்தம் ஏறக்குறைய 1.4-க்கு இறங்கும். படகு தளர்ந்து நடுவில் வளையும். நீரில் இறக்கிப் பத்து நிமிடம் கரையோரம் வைத்திருந்து, மீண்டும் அளந்து காற்றை நிரப்பிய பிறகு புறப்படுவதே சரியான முறை.

தூண்டிலும் முள்ளும்: படகில் தூண்டில் தாங்கிக்காகத் துளையிடக் கூடாது. பி.வி.சி. பசையால் ஒட்டும் அடித்தட்டையோ, வளையங்களில் கட்டும் பட்டையையோ பயன்படுத்தலாம். கொக்கிகள், கத்தி, இடுக்கி ஆகியவை மூடியுள்ள பெட்டியில் இருக்க வேண்டும்.

பலரும் மறப்பது மீனின் முள்ளை. கெளுத்தியின் பக்கத் துடுப்பு முள்ளும், ஜிலேபி கெண்டையின் முதுகு முட்களும் மெல்லிய அடித்தளத்தைக் குத்தக்கூடியவை. பிடித்த மீனை மடியிலோ தரையிலோ விடாமல், வலையால் அள்ளி நேராகத் தடித்த வாளியில் இடுவது நல்லது.

நங்கூரக் கயிற்றைப் படகின் முன் அல்லது பின் முனையில் கட்ட வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் காற்று வீசும்போது கவிழும் வாய்ப்பு அதிகம். ஆற்று ஓட்டத்தில் நங்கூரமே கூடாது. எடை குறைந்த படகு என்பதால் காற்று இதை எளிதில் தள்ளிவிடும். அடியில் பொருத்தும் சிறு துடுப்பு நேராகச் செல்ல உதவும். போகும்போது காற்றை எதிர்த்துச் சென்றால், களைத்துத் திரும்பும்போது காற்றே துணை செய்யும்.

உயிர்காப்பு அங்கி: காற்றடைத்த படகு உயிர்காப்புச் சாதனம் அல்ல. 50 நியூட்டன் மிதப்புத் திறன் கொண்ட அங்கி, உதவி அருகில் இருக்கும்போது நீச்சல் தெரிந்தவர்களுக்கானது. மற்றவர்கள், நினைவிழந்தாலும் முகத்தை மேலே திருப்பும் வகையில் வடிவமைக்கப்பட்ட 100 நியூட்டன் அங்கியை அணிவது நல்லது. கவிழ்ந்த படகில் மீண்டும் ஏறும் பயிற்சியை ஆழமற்ற கரையோரத்தில் முன்பே செய்து பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரை அடர்ந்த பகுதிகளையும், கழிவுநீர் கலக்கும் ஏரிகளையும் தவிர்க்க வேண்டும். தனியாகச் செல்லக் கூடாது.

ஏரியில் யாருக்கு உரிமை?: தெலங்கானாவின் பல ஏரிகளில் மீன்பிடி உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் உள்ளது. அரசு 2016-ல் தொடங்கிய இலவச மீன்குஞ்சு விநியோகத் திட்டத்தின் கீழ் கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை மீன்குஞ்சுகள் நீர்நிலைகளில் விடப்படுகின்றன. அவை வளர்ந்து விற்கப்படும்போதுதான் சங்க உறுப்பினர்களுக்கு வருமானம். பொழுதுபோக்குக்காக வருபவர் அனுமதியின்றிப் பிடிக்கும் ஒவ்வொரு மீனும் ஒரு குடும்பத்தின் வருவாயிலிருந்து குறைகிறது.

எனவே உள்ளூர் சங்கத்திடமோ மீன்வளத் துறை அலுவலகத்திடமோ முன்னதாக அனுமதி பெற வேண்டும். விரிக்கப்பட்டுள்ள வலைகளின் மிதவைகளிலிருந்து விலகிச் செல்ல வேண்டும். துடுப்பில் சிக்கினாலும் வலையை அறுக்கக் கூடாது. 1920-ல் கட்டி முடிக்கப்பட்ட உஸ்மான் சாகர், 1927-ன் ஹிமாயத் சாகர் ஆகியவை நகருக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்கள் என்பதால், அங்கு நீரில் இறங்கும் முன் உரிய அதிகாரிகளிடம் விதிகளைக் கேட்டறிவது அவசியம்.

திரும்பிய பின்: படகை நல்ல நீரில் கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும், ஈரத்துடன் மடித்தால் பூஞ்சை பிடிக்கும். காற்று கசிவதாகச் சந்தேகம் எழுந்தால் சோப்பு நீரைத் தடவிப் பார்க்கலாம். குமிழி எழும் இடத்தைக் குறித்து, உலர்த்தி, படகுடன் தரப்படும் ஒட்டுத்துண்டால் அடைக்கலாம். ஒட்டிய இடம் ஓர் இரவு முழுவதும் காற்றைத் தாங்குகிறதா என்று வீட்டிலேயே சோதித்த பின்னரே அடுத்த முறை ஏரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.