விரலால் நின்ற ரத்தம்

வலப்பக்க விலா எலும்புகளின் கீழே கை வைத்துப் பாருங்கள். அவற்றுக்குப் பின்னால்தான் கல்லீரல் இருக்கிறது. பெரியவர்களுக்கு அதன் எடை ஏறக்குறைய 1.5 கிலோ. ஒவ்வொரு நிமிடமும் அதற்குள் சுமார் 1.5 லிட்டர் ரத்தம் பாய்கிறது. நம் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே 5 லிட்டர் அளவுதான்!

இப்படி ரத்தம் ததும்பும் உறுப்பில் புற்றுநோய்க் கட்டி வந்தால், கட்டியிருக்கும் பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். கத்தி பட்டதும் ரத்தம் பெருகாதா? அந்தக் காலத்து மருத்துவர்கள் கல்லீரலைத் தொடவே அஞ்சியதற்கு இதுதான் காரணம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். விபத்தில் கல்லீரல் கிழிந்தவர்கள் அவரிடம் வந்தார்கள். கல்லீரலுக்குள் ரத்தம் நுழைவது இரண்டு குழாய்கள் வழியாக: குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை, இதயத்தின் பக்கமிருந்து வரும் கல்லீரல் தமனி. கல்லீரலுக்குச் சற்றுக் கீழே இரண்டும் பித்தநாளத்தோடு சேர்ந்து ஒரே கட்டாகச் செல்கின்றன. அறுவையின்போது பிரிங்கிளின் குழு அந்தக் கட்டைக் கட்டைவிரலுக்கும் இன்னொரு விரலுக்கும் நடுவே அழுத்திப் பிடித்தது. மடையை அடைத்ததும் வயலுக்குப் போகும் தண்ணீர் நிற்பதுபோல ரத்தப்பெருக்கு நின்றது. அந்த நோயாளிகளை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அவர்கள் ஏற்கெனவே மிகவும் சோர்ந்துபோயிருந்தார்கள். ஆனால் தாம் கண்டதை 1908இல் எழுதி வெளியிட்டார். அந்த முறைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

இப்போது விரலுக்குப் பதில் நாடாவோ இடுக்கியோ அந்த வேலையைச் செய்கிறது. அதற்காக நெடுநேரம் அடைத்தே வைக்க முடியாது. ரத்தம் வராவிட்டால் கல்லீரல் செல்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அதனால் பல மருத்துவமனைகளில் 15 நிமிடம் அடைப்பார்கள், 5 நிமிடம் திறந்துவிடுவார்கள், பிறகு மறுபடி அடைப்பார்கள். அறுவை அரங்கில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

வரும் வழியை அடைத்தால் மட்டும் போதுமா? போதாது. கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகளில் தடுக்கும் வால்வுகள் இல்லை. வெட்டும்போது அவற்றில் காயம் பட்டால், போன ரத்தம் அந்த வழியாகவே திரும்பி வந்து கொட்டும். இங்கேதான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரின் திறமை தெரிகிறது. வெட்டி முடியும்வரை அவர் சலைன் போன்ற திரவங்களைக் குறைவாகவே ஏற்றுவார். இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் அழுத்தம் குறையும். பின்னோக்கி வரும் ரத்தமும் குறையும். ஆனால் அழுத்தம் மிகவும் இறங்கினால் மற்ற உறுப்புகளுக்கு ஆபத்து. அவர் செய்வது கம்பிமேல் நடக்கும் வேலை. நோயாளி கண் விழிக்கும்போது அவர் முகம்கூட நினைவிருக்காது. ஆனாலும் பாதிப் பாராட்டு அவருக்குத்தான் சேர வேண்டும் என்பேன்.

வெட்டுவதற்கும் ஒரு நுட்பம் உண்டு. காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிரும் மீயொலிக் கருவி, மெத்தென்ற கல்லீரல் செல்களைச் சிதைத்து உறிஞ்சிவிடும். ரத்தக் குழாய்களின் சுவர் உறுதியானது என்பதால் அவை அறுபடாமல் வெளியே தெரியும். மருத்துவர் ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டு அதன்பிறகே நறுக்குவார்.

இவ்வளவு பொறுமையும் மிஞ்சும் பகுதியைக் காப்பதற்காக. அது நலமாக இருந்தால், சில மாதங்களில் வளர்ந்து, வெட்டி எடுத்த பகுதியின் வேலையையும் சேர்த்துச் செய்யத் தொடங்கிவிடும்.