பால்மரக் காட்டுக்குள் ஒரு சைக்கிள் பாதை

பத்துமலை என்றதும் நம் நினைவுக்கு வருவது 272 படிகளும் 140 அடி உயர முருகன் சிலையும்தான். அந்தக் குன்றைப் பார்த்தபடியே வளர்ந்த எனக்கும் மலை என்றால் தைப்பூசத்தன்று ஏறி இறங்கும் இடம், அவ்வளவுதான். கடந்த செமஸ்டர் விடுமுறையில் பெரியம்மா மகன் ஒரு பழைய மவுண்டன் பைக்கை என்னிடம் தள்ளிவிட்டார். அதன் பிறகு மலையைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

நண்பர்கள் பலரும் கேட்ட முதல் கேள்வி, "பத்துமலையிலேயே ஓட்டலாமே?" என்பதுதான். ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. அது செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. அதன் குகைகளில் அரிய சிலந்தி இனம் ஒன்று வாழ்கிறது. அங்கே கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்கள் உண்டு. சைக்கிளுக்கு வேண்டியது மண் மலை. அதற்கு நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

கெப்போங்கில் முதல் பாடம்

பத்துமலையிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் கெப்போங்கில் இருக்கிறது ஃப்ரிம் எனப்படும் மலேசிய வன ஆய்வுக் கழகம். இன்று அடர்ந்த காடாகத் தெரியும் அந்த நிலம் 1926இல் ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளும் காய்கறித் தோட்டங்களுமாகக் கிடந்தது. அதில் மரங்களை நட்டு நட்டுக் காடாக்கினார்கள். மனிதர் உருவாக்கிய அந்த மழைக்காட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள கபூர் மரங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் கிளை மற்றொன்றைத் தொடாமல், இடையில் ஆற்றுக் கோடுகள் போல வானம் தெரியும்.

அங்கேதான் நான் முதலில் விழுந்தேன். நுழைவுக் கட்டணம் கட்டி, சைக்கிளுக்கு அனுமதி உள்ள பாதையில் கவனமாகத்தான் போனேன். இறக்கத்தில் ஈரமான வேர் ஒன்றைக் கண்டதும் பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். சக்கரம் வழுக்கியது. முழங்கால் தோல் உரிந்ததோடு தப்பித்தேன். பின்னால் வந்த அனுபவசாலி ஒருவர் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, வேருக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைச்சிடணும். வேர் மேல ஏறும்போது பிரேக்கைத் தொடக் கூடாது. கண்ணு வேரைப் பார்த்தா வண்டியும் அங்கதான் போகும். போக வேண்டிய இடத்தைப் பாரு."

இந்த விளையாட்டே பெரிய பழைமை உடையதல்ல. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் கனமான பழைய சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய் மண் பாதையில் இறங்கி விளையாடியதில் தொடங்கியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாகிவிட்டது.

புக்கிட் கியாராவில் கண்டது

அடுத்து நாங்கள் போனது தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டியுள்ள புக்கிட் கியாரா. கிள்ளான் பள்ளத்தாக்கில் மலைச் சைக்கிள் ஓட்டும் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் இது. இங்குள்ள ஒற்றையடிப் பாதைகள் பலவற்றையும் சங்குல், பாராங் கொண்டு வெட்டியவர்கள் தன்னார்வலர்கள். மழைநீர் பாதையின் மேலேயே ஓடி மண்ணை அரித்துவிடாமல் பக்கவாட்டில் வடியும்படி சரிவு வைத்து, வளைவுகளில் மண்ணை அணைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஓட்டும்போது தெரியாது, நின்று பார்த்தால்தான் அந்த உழைப்பு புரியும்.

நான் நின்று பார்த்ததற்குக் காரணம் களைப்புதான். ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஒரு மரத்தில் சாய்ந்தேன். கீழே ரப்பர் கொட்டைகள் சிதறிக் கிடந்தன. மரத்தின் பட்டையில் சாய்வாகப் பழைய கோடுகள். படம் எடுத்து வீட்டில் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "அய்யா, இது பால்மரமாச்சே! வெட்டின மரமாச்சே! இங்கயா போயி சைக்கிள் ஓட்டுற?" என்றார்.

ஆமாம். புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, அங்கு வேலை செய்த குடும்பங்கள் 1982இல் மலையடிவாரத்தில் 'ரூமா பாஞ்சாங்' எனப்படும் வரிசை வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தற்காலிகம், நிரந்தர வீடு பிறகு வரும் என்று சொன்னார்கள். சுமார் நூறு குடும்பங்கள். பெரும்பாலும் நம் தமிழர்கள். ஆண்டுகள் நாற்பதைத் தாண்டின.

இடையில் அருகிலுள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. பூங்காவைக் காக்க வேண்டும் என்று சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் 2017இல் வழக்குத் தொடுத்தார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. பசுமை தப்பியது, மகிழ்ச்சிதான். ஆனால் ரூமா பாஞ்சாங் மக்களுக்கான வீடுகளும் அதே திட்டத்துக்குள்தான் வைக்கப்பட்டிருந்தன. மரமா, வீடா என்று ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்தியதே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மலையில் மரமும் வேண்டும். அந்த மரத்துக்கு உழைத்தவர்களுக்கு வீடும் வேண்டும். இறக்கத்தில் கூச்சலிட்டுக்கொண்டே போகும் என்னைப் போன்றவர்கள் இதையாவது தெரிந்திருக்க வேண்டாமா?

பாட்டி சொன்ன கணக்கு

பாட்டி வேறொரு தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியற்காலை பெரட்டுக்குப் போய், இருட்டிலேயே நிரையில் இறங்கிவிடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்து பட்டை நனைந்தால் பால் மங்குக்குள் விழாமல் மரமெல்லாம் வழியும். அதனால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை.

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று உறைத்தது. மழை பெய்த மறுநாள் ஈரப் பாதையில் சைக்கிள் விடாதே என்று மூத்த ஓட்டிகள் சொல்வார்கள். சக்கரம் சேற்றில் பள்ளம் கிழிக்கும்; அடுத்த மழையில் நீர் அந்தப் பள்ளத்திலேயே ஓடிப் பாதையை அழிக்கும். எனக்கு ஒருநாள் விளையாட்டுதான் போகும். பாட்டிக்குப் போனது ஒருநாள் சோறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் காரில் அழைத்துக்கொண்டு கியாராவின் அடிவாரத்துக்குப் போனோம். பாதையோரம் நின்ற ஒரு மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்தார். "ஆழமா வெட்டினா மரத்துக்குக் காயம் பட்டு, பட்டை கழலை கழலையா வளரும். இது பாரு, வழுவழுன்னு இருக்கு. நல்ல கை வெட்டியிருக்கு," என்றார். யாருடைய கை என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நீங்களும் போகலாம்

தொடங்க நினைக்கும் மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். விலை உயர்ந்த வண்டி வேண்டாம். நல்ல பிரேக்கும் தலைக்கவசமும் போதும். தனியாகப் போகாதீர்கள், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லுங்கள். பிற்பகலில் இடிமழை வரும் நாடு நம்முடையது; காலையிலேயே முடித்துவிடுங்கள். தேங்கிய நீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். காயத்தோடு அதில் கால் வைக்காதீர்கள். நுழைவு விதிகளை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நடப்பவர்களுக்கு வழி விடுங்கள். கொண்டுபோன நெகிழிப் போத்தலைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் இறங்கி நில்லுங்கள். பக்கத்தில் நிற்பது பால்மரமாக இருந்தால் அதன் பட்டையைப் பாருங்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத வழிகள் அவர்களுக்குத் தெரியும்.