கொட்டகையில் கட்டும் டர்போ

மோட்டார் காரின் எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கொடுப்பது சுலபம்; காற்றைக் கொடுப்பதுதான் கஷ்டம். ஒரு பங்கு பெட்ரோல் முறையாக எரிந்து தீர்வதற்கு எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது ரசாயன விதி. அந்தக் காற்றையோ, கீழே இறங்கும் பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் தன் சிலிண்டர் கொள்ளும் அளவுக்கு மட்டுமே இழுத்துக்கொள்ள முடியும். ஆகையால் அதிக சக்தி வேண்டுமென்றால், ஒன்று எஞ்சினையே பெரிதாகச் செய்ய வேண்டும், அல்லது இருக்கிற எஞ்சினுக்குள் காற்றை வலிந்து திணிக்க வேண்டும். திணிப்பதற்கு வேண்டிய சக்தியை, சைலன்ஸர் வழியாக வீணே போகிற புகையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினீயர் ஆல்ஃப்ரெட் ப்யூகி 1905 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகையின் உந்துதலால் சுழலும் ஒரு சிறு சக்கரம், அதே தண்டின் மறுமுனையில் வெளிக்காற்றை அள்ளி அழுத்தும் இன்னொரு சக்கரம். டர்போ என்று நாம் சொல்லும் கருவி இவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது என்பதையும், அதன் ஒரு பக்கத்தில் 900 டிகிரியை எட்டக்கூடிய புகையும் சில அங்குலத்துக்கு அப்பால் மறு பக்கத்தில் சாதாரணக் காற்றும் ஓடுகின்றன என்பதையும், நடுவே தண்டைத் தாங்கி நிற்பது மிக மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம் மட்டுமே என்பதையும் நினைத்துப் பார்த்தால், இதை வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பொருத்தத் துணிகிறவர்களுடைய தைரியத்தை வியக்காமல் இருக்க முடியாது.

அப்படித் துணிகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்கள் விரும்பி எடுத்துக்கொண்ட வண்டிகளுள் முக்கியமானது, 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட மாஸ்டா மியாட்டா. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிடக்கூடிய, ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள கார் அது. வளைவுகளில் அது திரும்பும் அழகைப் புகழாதவர் இல்லை. பிக்கப் போதாது என்று குறை சொல்லாதவரும் குறைவு. 1.6 லிட்டர் கொள்ளளவுள்ள அதன் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஏறக்குறைய 115 குதிரைச் சக்திதான் தந்தது. ஆயினும் அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றை மாஸ்டா தன் 323 காரில் தொழிற்சாலையிலேயே டர்போவுடன் பொருத்தி விற்றிருந்தபடியால், இந்த இரும்பு கூடுதல் சுமையைத் தாங்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. பழைய மியாட்டாவைக் குறைந்த விலைக்கு வாங்கி, சனி ஞாயிறுகளில் தாமே டர்போ கட்டிப் பார்க்கும் ஒரு பெருங்கூட்டம் இப்படித்தான் உருவாயிற்று.

இந்த வேலையில் முதலில் எடுக்க வேண்டியது ஸ்பானர் அல்ல, பென்சில். 1.6 லிட்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 6,500 சுற்று சுற்றும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை காற்றை இழுக்கிறது என்ற கணக்கில் 5,200 லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். வழியில் உள்ள தடைகளினால் சிலிண்டர் நூற்றுக்கு 85 பங்குதான் நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால், எடையில் அது சுமார் 5.2 கிலோ. நிமிஷத்துக்கு ஒரு கிலோ காற்று ஏறக்குறைய 22 குதிரைச் சக்தி தரும் என்பது அனுபவத்தில் கண்ட கணக்கு. பெருக்கிப் பார்த்தால் மாஸ்டா சொன்ன 115 சரியாக வந்துவிடுகிறது. காகிதத்தில் போட்ட கணக்கு இரும்பிலும் மெய்யாக இருப்பதைக் காணும் இந்த இன்பத்துக்காகவே பலர் இந்தத் தொழிலில் இறங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இனி, வெளியில் உள்ள வாயு அழுத்தத்துக்கு மேல் அதில் பாதியை, அதாவது அரை பார் அளவை, டர்போ கூட்டித் தருவதாக வைத்துக்கொள்வோம். காற்று ஒன்றரை மடங்காகும், சக்தியும் ஒன்றரை மடங்காகும் என்று தோன்றும். ஆனால் அப்படி நடப்பதில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கவனித்தவர்களுக்குக் காரணம் உடனே விளங்கும்: அழுத்தப்படும் காற்று சூடாகிறது, சூடான காற்று விரிகிறது. முப்பது டிகிரியில் உள்ளே போன காற்று, நல்ல டர்போவிலிருந்தும் 80 டிகிரிக்கு மேல் உஷ்ணத்துடன்தான் வெளிவருகிறது. அதனால் ஐம்பது சதவீதம் என்று எதிர்பார்த்த லாபம் 28 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. வண்டியின் முன்புறத்தில், ரேடியேட்டருக்கு முன்னால், எதிர்க்காற்று படும்படி இன்டர்கூலர் என்னும் அலுமினியக் கூடு ஒன்றை வைத்து, அழுத்திய காற்றை அதன் வழியே செலுத்திக் குளிர்வித்தால், லாபம் மறுபடியும் நாற்பது சதவீதத்தை எட்டும். 115 குதிரைச் சக்தி 160 ஆகும். பெரிய டர்போ வாங்கினால் பெரிய சக்தி கிடைக்கும் என்று எண்ணுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தேவைக்கு மிஞ்சிய சக்கரத்தைச் சுழற்றுவதற்குச் சிறிய எஞ்சினின் புகை போதாமல், சாலையில் வேண்டும்போது சக்தி வராது. எஞ்சின் அலறத் தொடங்கிய பிறகே வரும். எந்த அளவு காற்றுக்கு எந்தச் சக்கரம் சிக்கனமாக வேலை செய்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தை டர்போ செய்கிற கம்பெனிகளே வெளியிடுகின்றன. மேலே போட்ட காற்றுக் கணக்கை அந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே முறை.

கட்டுமான வேலையில் இரண்டு இடங்களைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றவை பொறுமையுள்ள எந்தப் பட்டறைக்காரரும் செய்யக்கூடியவை. முதலாவது, எஞ்சினுக்கும் டர்போவுக்கும் நடுவே புகையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு. ஒவ்வொரு ஓட்டத்திலும் செந்தணலாகக் காய்ந்து, நின்றதும் ஆறி, விரிந்தும் சுருங்கியும் அவதிப்படும் இந்த உறுப்பின் தலையில் பல கிலோ எடையுள்ள டர்போவும் தொங்குகிறது. பளபளப்புக்காக மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாயில் செய்தவை வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டுவிடுகின்றன. வார்ப்பிரும்போ, நீராவிக்குப் பயன்படும் தடித்த இரும்புக் குழாயோ அழகில் குறைந்தாலும் ஆயுளில் மிகுந்தவை. டர்போவைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் தளர்வது இந்தக் காரில் எல்லோரும் அறிந்த உபத்திரவம். ஆகையால் டர்போவை எஞ்சின் பிளாக்குடன் ஒரு தாங்கி கொண்டு இணைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது இடம் எண்ணெய் திரும்பும் வழி. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மானி பொருந்தியிருக்கும் துளையில் ஒரு கிளை வைத்து, அங்கிருந்து மெல்லிய குழாயில் டர்போவுக்கு ஆயிலைக் கொண்டுபோவதில் யாரும் தவறுவதில்லை. திரும்பும் குழாயில்தான் தவறுகிறார்கள். உள்ளே அழுத்தத்துடன் போகும் ஆயில், தண்டைத் தழுவிக்கொண்டு வெளிவரும்போது அழுத்தம் முழுவதையும் இழந்து நுரையாகி, தன் எடையால் மட்டுமே கீழே இறங்குகிறது. ஆதலால் அந்தக் குழாய் அகலமாக இருக்க வேண்டும். எங்கும் மேலேறி இறங்காமல் ஒரே சரிவாகப் போக வேண்டும். ஆயில் சட்டியில் எண்ணெய் மட்டத்துக்கு மேலேயே போய்ச் சேர வேண்டும். ஓரிடத்தில் மடிந்தாலும் நுரை தேங்கி, டர்போவின் உள்வளையங்களைத் தாண்டிக் கசிந்து, சைலன்ஸரில் நீலப் புகையாக வெளிப்படும். டர்போ கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றிப் புதிதாக வாங்கிப் போடுவார்கள். புதியதும் அதேபோல் புகைக்கும். அகலமான ஒரு குழாய்த் துண்டு செய்திருக்க வேண்டிய காரியம் அது.

இவ்வளவும் முடிந்து வண்டி ஓடத் தொடங்கியதும் வேலை தீர்ந்தது என்று நினைப்பது பெரும் பிசகு. என் அபிப்பிராயத்தில் உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பமாகிறது. தொழிற்சாலை வைத்த கம்ப்யூட்டருக்கு டர்போ என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதிகக் காற்று வந்தும் அதற்கேற்ற பெட்ரோல் வராவிட்டால் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை சிலிண்டரைச் சுட்டெரிக்கும். 200 குதிரைச் சக்தி வரைக்கும் போதுமான பெட்ரோல் வேண்டுமென்றால், நான்கு இன்ஜெக்டர்களும் ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 400 மில்லி லிட்டர் பீச்சக்கூடியவையாக இருக்க வேண்டும். அவற்றை ஆட்டிவைக்க வேறொரு மூளையும் வேண்டும். புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மெகாஸ்குவர்ட் என்ற ஒரு கம்ப்யூட்டரை வடிவமைத்து, உதிரி உறுப்புகளை வாங்கி அவரவரே ஈயம் பற்றவைத்துச் செய்துகொள்ளும்படி அதன் விவரங்களை வெளியிட்டார்கள். அதுவரை பந்தய நிறுவனங்களுக்கே உரியதாக இருந்த ஒரு வித்தை இதனால் சாதாரண மனிதனுக்கும் எட்டிற்று. எஞ்சினின் வேகம் ஒரு பக்கம், உட்புகும் காற்றின் அழுத்தம் ஒரு பக்கமாக அமைந்த கட்டங்களில், எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்பதை லேப்டாப்பில் எண்களாக நிரப்புவதே டியூனிங்.

நிரப்பும் முறையில் நிதானம் பிரதானம். முதலில் வண்டி நின்றபடி சீராக ஓடுவதற்கான கட்டங்கள், பிறகு சமவேகத்தில் போவதற்கானவை, இவை இரண்டும் திருத்தமான பிறகே அழுத்தக் கட்டங்கள். கலவையின் அளவைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்ஸரைப் புகைக் குழாயில் பொருத்தாமல் அழுத்தக் கட்டத்தில் கால் வைக்கவே கூடாது. வண்டியோடு வந்த பழைய சென்ஸர், 14.7 என்ற ஒரே எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத் தவிர வேறொன்றும் அறியாது. அழுத்தத்தில் கலவை 12 க்கு 1 அளவில், அதாவது பெட்ரோல் சற்று மிகையாக, இருக்க வேண்டும். மிகையான பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரின் உஷ்ணத்தையும் தணிக்கிறது. ஸ்பார்க் பிளக்கில் பொறி விழும் காலத்தையும், சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு என்று டர்போ கூட்டும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் எஞ்சின் சுழற்சியில் ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் தாமதப்படுத்தித் தொடங்குவது வழக்கம்.

தாமதப்படுத்துவதற்குக் காரணம் நாக்கிங். பொறியிலிருந்து கிளம்பிய தீ சீராகப் பரவி வருவதற்கு முன்னே, மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை உஷ்ணமும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடித்துவிடுவதுதான் நாக்கிங். சில நொடிகள் கடுமையாக நீடித்தால் பிஸ்டனின் ஓரம் உடைந்துவிடும். 1962 இல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், உலகில் முதன்முதலாக டர்போவுடன் விற்பனைக்கு வந்த கார்களுள் ஒன்று. அதன் எஞ்சினில் கலவை 10.25 மடங்கு அழுத்தப்பட்டதால் நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனியாக ஒரு தொட்டியிலிருந்து பீச்ச வேண்டியிருந்தது. தொட்டியை நிரப்பப் பலர் மறந்தார்கள். தொல்லை பெருகி, கடைசியில் கம்பெனியே பல வண்டிகளிலிருந்து டர்போவைக் கழற்றிச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே பாடம் கற்பித்த விஷயம் இது.

முதல் தலைமுறை மியாட்டாவில் நாக்கிங்கை உணரும் சென்ஸர் கிடையாது. ஆகவே கொட்டகைக்காரர்கள் எளிய உபாயம் ஒன்றைக் கையாள்கிறார்கள்: ஒரு சாண் செப்புக் குழாயின் நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கித் துளையிட்டு, எஞ்சின் பிளாக்கில் ஒரு போல்ட்டின் அடியில் முடுக்கி, மறுமுனையில் ரப்பர் ஹோஸ் மாட்டி, ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காது மூடிக்குள் கொண்டுபோய்விடுகிறார்கள். எஞ்சினின் சாதாரண இரைச்சலுக்கு நடுவே உலர்ந்த ஒரு சடசடப்பு கேட்ட மாத்திரத்தில் காலை எடுத்துவிட வேண்டும். ஓட்டம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பதும் உண்டு. மிளகுப்பொடி தூவினாற்போன்ற கரும்புள்ளியோ அலுமினியத் துகளோ தென்பட்டால், நாக்கிங் நடந்திருக்கிறது என்று பொருள்.

அழுத்தத்துக்கு வரம்பு வைப்பது வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு. குறித்த அளவு வந்ததும் அது திறந்து, மிகுதிப் புகையைச் சக்கரத்தில் படாமல் விலக்கிவிடும். அதற்குச் செய்தி கொண்டுபோகும் மெல்லிய ரப்பர் குழாய் கழன்றால் அழுத்தம் தறிகெட்டு ஏறும். ஆகையால் வரம்பு மீறினால் பெட்ரோலை நிறுத்திவிடும்படி கம்ப்யூட்டரிலும் ஒரு கட்டளை எழுதி வைப்பது இன்றியமையாதது. அரை பாரில் நிற்பவரின் மனசு முக்கால் பாரைத் தேடுவது இயற்கை. தேடும்போது கிளட்ச் வழுக்கும். பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியல் பற்கள் முறியும். அதற்கும் மேலே போனால் கனெக்டிங் ராடு வளையும். டர்போ புதிதாக வலிமையைப் படைப்பதில்லை; எஞ்சினைச் செய்தவர்கள் பாதுகாப்புக்காக விட்டுவைத்த உபரி வலிமையைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது. அதில் எவ்வளவு மிச்சம் வைப்பது என்பது டியூன் செய்கிறவரின் பொறுப்பு.

நம் நாட்டில் இதைச் சாலையில் ஓடும் காரில் செய்யலாகாது. தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ளவற்றுக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு தடுக்கிறது. இன்ஷூரன்ஸ் கோரிக்கையும் அதனால் சிக்கலாகும். பந்தயத் தளத்தில் மட்டும் ஓட்டுவதற்கென்று ஒரு பழைய வண்டியை ஒதுக்கி, இதைக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டர்போவுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், வைட்பேண்ட் சென்ஸரையும் ஆயில் அழுத்த மானியையும் வாங்கிப் பொருத்தி, இருக்கிற எஞ்சினையே சில மாதங்கள் அளந்து பழகுங்கள்.