பக்கவிளைவை அறிவது நோயாளியின் உரிமை

மனநல மருந்தைத் தொடங்கிய சில மாதங்களிலேயே தாமாக நிறுத்திவிடுவோர் பலர். நோய் குணமாகிவிட்டது என்ற எண்ணம் ஒரு காரணம். எதிர்பாராமல் வந்த பக்கவிளைவு மற்றொரு காரணம். எடை கூடுகிறது, கை நடுங்குகிறது, பகலிலும் தூக்கம் அழுத்துகிறது. இவை வரக்கூடும் என யாரும் முன்கூட்டியே சொல்லாதபோது, மருந்தே நஞ்சு என்ற முடிவுக்குக் குடும்பம் வந்துவிடுகிறது. மருந்து நின்றபின் நோய் திரும்புகிறது.

இந்த மௌனத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அளிக்கப்படும் சிகிச்சை என்ன, அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள் எவை என்பதைத் தமக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமையை, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 22-ஆவது பிரிவில் நோயாளிக்கு வழங்கியுள்ளது. மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இன்றி மின் அதிர்வுச் சிகிச்சை அளிப்பதை 95-ஆவது பிரிவு தடை செய்கிறது.

ஒரு மருந்தின் பாதுகாப்பு அதன் வேதிப்பொருளில் மட்டும் இல்லை, கண்காணிப்பிலும் இருக்கிறது. மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் இதற்குச் சான்று. வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்து, 1975-இல் பின்லாந்தில் உயிரிழப்புகள் நேர்ந்ததால் பல நாடுகளில் அது விலக்கப்பட்டது. ஆனால், பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளிடம் அது பலனளித்ததால், தொடர் ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையுடன் 1989-இல் அமெரிக்கா அனுமதித்தது. மருந்து மாறவில்லை, அதைக் கண்காணிக்கும் முறைதான் வந்து சேர்ந்தது.

இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியம், கொங்குப் பகுதியில் கூடுதல் கவனம் கோருவது. ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை தலைகாட்டும். போத்தனூர், குறிச்சி வட்டாரத்திலோ கோவையின் பிற பகுதிகளிலோ பவுண்டரி வெப்பத்தில் வேலை செய்பவரின் உடலிலிருந்து வியர்வையாக உப்பும் நீரும் வெளியேறும்போது, சிறுநீரகம் லித்தியத்தைத் தேக்கிவைக்கிறது. உடல்வலிக்கென மருந்துக்கடையில் வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளும் அதன் அளவை உயர்த்தக்கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் நடுக்கம், தள்ளாட்டம், குழறும் பேச்சு ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். அப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவர்கள் ரத்த லித்திய அளவையும் சிறுநீரக, தைராய்டு செயல்பாட்டையும் குறித்த இடைவெளியில் சோதித்துக்கொள்வது கட்டாயம்.

பிற மருந்துகளுக்கும் இத்தகைய கணக்கு உண்டு. ஓலன்சபின் எடுப்போர் எடையையும் ரத்தச் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும். வால்புரோயேட் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்ணுக்கு இது முன்பே சொல்லப்பட வேண்டும். மனச்சோர்வு மருந்துகள் போதைப் பழக்கம் ஆவதில்லை. எனினும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரலாம். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளோ பழக்கமாகிவிடக்கூடியவை. நெடுநாள் எடுத்தபின் சட்டென நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும். எனவே, எந்த மருந்தையும் மருத்துவரின் மேற்பார்வையில்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அச்சத்தால் சிகிச்சையையே விலக்குவதன் விலையையும் தமிழகம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். முறையான மருத்துவம் எட்டாத இடத்தில் சங்கிலியே சிகிச்சையாகிவிடுகிறது.

மருந்துச் சீட்டுடன், என்னென்ன பக்கவிளைவு வரலாம், எந்தப் பரிசோதனை எப்போது, எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும் என்பவற்றை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக ஒவ்வொரு மருத்துவமனையும் தர வேண்டும். அதற்குப் பெரும் செலவு ஆகாது. நோயாளியின் குடும்பமும் தயங்காமல் கேட்க வேண்டும். ஐயம் எழுந்தால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம். மாத்திரையை நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் பேசுவதே பாதுகாப்பு.