வற்றும் குளத்தில் எஞ்சும் மீன்: வன்னியின் நன்னீர் மீன்பிடி எதை நம்பி நிற்கிறது?

ஆவணி, புரட்டாதி மாதங்களில் வன்னிக் குளம் ஒன்றின் அலைகரையில் நடந்தால், காய்ந்த சேற்றில் வட்டவட்டமாகக் குழிகளைக் காணலாம். மாடு மிதித்த தடம் என்று நினைத்துப் பலர் கடந்துவிடுவார்கள். அவை திலாப்பியா மீனின் கூடுகள். ஆழம் குறைந்த கரையோரத்தில் ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளித் துப்பிக் குழி தோண்டும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குஞ்சுகள் தாமாக நீந்தும்வரை, ஏறக்குறைய இரண்டு கிழமை, அவை தாயின் வாய்க்குள்ளேயே இருக்கும். அந்த நாட்களில் தாய் மீன் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை.

தண்ணீர் மெல்ல இறங்கினால் மீனும் கூடவே இறங்கிப் புதுக் குழி தோண்டிக்கொள்ளும். துருசு திறந்து நீர்மட்டம் மளமளவென்று விழுந்தால் கூடு வெளியில் கிடக்கும், இனப்பெருக்கம் தடைப்படும். சந்தையில் அடுத்த வருடம் குளத்து மீன் என்ன விலைக்குப் போகும் என்பது இந்தக் கரையோரத்திலும் ஓரளவு முடிவாகிறது.

எங்கள் குளங்கள் பல, மறித்து நிறுத்தப்பட்ட ஆறுகள்தான். கனகராயன் ஆற்றை மறித்ததால் இரணைமடு. அருவி ஆற்றின் தண்ணீரைத் தேக்கம் அணையில் திருப்பியதால் மன்னாரின் கட்டுக்கரைக்குளம். இவை நெல்லுக்காகக் கட்டப்பட்டவை. மீனை யாரும் மனதில் வைத்துக் கட்டவில்லை. விரால், குறவை, கெழுத்தி, ஆரல் போன்ற எங்கள் சொந்த மீன்கள் ஆற்றுக்கும் சேற்றுக்கும் வெள்ளம் ஏறும் வயலுக்கும் பழகியவை. குளத்தின் நடுவே விரிந்து கிடக்கும் திறந்த நீரில் பெருகி, ஒரு தொழிலையே தாங்கும் அளவுக்கு விளைச்சல் தரக்கூடியவை அவற்றில் குறைவு. விலாங்கின் பாடு இன்னும் மோசம். அது முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டும், அதன் குஞ்சுகள் கடலிலிருந்து ஆறேறி வரவேண்டும். நடுவில் அணைக்கட்டு நிற்கிறது.

ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. பாசியையும் அழுகிய தாவரங்களையும் தின்று, நிற்கும் நீரிலேயே குஞ்சு பொரிக்கும் மீன் அது. அதனால் குளங்களில் வெறுமையாக இருந்த இடத்தை அது நிரப்பியது. இன்று நாட்டின் பெருங்குளங்களில் வலையில் ஏறும் மீனில் பெரும்பங்கு திலாப்பியாதான்.

கட்லா, ரோகு, மிரிகால் போன்ற இந்தியக் கெண்டைகளின் கதை வேறு. அவை பெருக்கெடுத்து ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை. குளத்தில் விட்டால் நன்றாகக் கொழுக்கும், ஆனால் பெருகாது. நன்னீர் இறாலும் அப்படியே. அதன் குஞ்சுப் பருவத்துக்கு உவர்நீர் வேண்டும். ஆகவே இவற்றைப் பொரிப்பகத்தில் வளர்த்து ஒவ்வொரு முறையும் குளத்தில் விட்டாக வேண்டும். விரலளவுக்கு வளராத குஞ்சுகளை விட்டால் விராலும் நீர்க்காகமும்தான் விருந்துண்ணும். குஞ்சு விடும் நிகழ்வுக்கு அதிகாரிகள் வருவார்கள், படம் எடுப்பார்கள், செய்தி வரும். ஒரு வருடம் கழித்து அவற்றில் எத்தனை வலையில் ஏறின என்ற செய்தியை நான் அநேகமாகப் படித்ததில்லை.

இந்தத் தொழில் அரசியலிலும் அடிபட்டது. 1990இல் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற பௌத்த மத எதிர்ப்பு அதற்குப் பின்னால் இருந்தது. கண்காணிப்பும் இல்லாமல் போக, தெற்கின் குளங்களில் சிறுகண் வலைகள் பெருகின. 1994இல் ஆதரவு மீண்டது. பின்னர் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், இன்று ‘நக்டா’ என்று அறியப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவானது. அந்த ஆண்டுகளில் வன்னியோ பொருளாதாரத் தடைக்கும் கடலில் மீன்பிடித் தடைக்கும் நடுவே இருந்தது. கடல் மூடப்பட்ட நாளில் குளத்து மீன் எத்தனை வீடுகளில் கறியானது என்பதை அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2009க்குப் பின் மீளக்குடியமர்ந்தவர்களில் பலருக்கு வயற்காணி இல்லை, அல்லது வயல் இருந்தும் விதைக்கப் பணம் இல்லை. குளத்தில் இறங்க இயந்திரப் படகு வேண்டாம், எரிபொருள் வேண்டாம். ஒரு சிறு தோணியும் சில வலைகளும் போதும். கணவனை இழந்த பெண்கள் மீனை வாங்கிச் சைக்கிளில் வைத்து விற்கவும், மிஞ்சியதைக் கருவாடு போடவும் முடிந்தது. நெல்லுக்கு நிவாரணம் பற்றி அறிக்கைகள் வந்தன. குளத்து மீன்பிடி அவற்றில் ஓரத்தில்தான் வந்துபோனது.

இனி வலைக்கு வருவோம். இழுத்துப் பிடித்து அளந்தால் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைவாக உள்ள வலைகளைப் பெருங்குளங்களில் போடக் கூடாது என்பது விதி. திலாப்பியா ஒரு தடவையாவது குஞ்சு பொரித்த பின் பிடிபடட்டும் என்பதே நோக்கம். தங்கூசி வலைக்கும் தடை உண்டு. தண்ணீரில் அது மீனின் கண்ணுக்குத் தெரியாது. அறுந்து தொலைந்தாலும் உக்காமல் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். ஆனால் விலை மலிவு, அதனால் கைவிடுவது எளிதல்ல.

ஆனால் சிறுகண் வலை எல்லாமே கேடு என்று சொல்லிவிட முடியாது. குளத்தின் ஆழமான பகுதியில் விரலளவே வளரும் உள்ளூர்ச் சிறுமீன்கள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. திலாப்பியாக் குஞ்சுகளோ ஆழம் குறைந்த கரையோரத்தில் நிற்கும். கரையை விட்டு விலகி, ஆழத்தில் சிறுகண் வலை போட்டால் திலாப்பியாவுக்குப் பெரிய கேடில்லாமல் சிறுமீனைப் பிடிக்கலாம் என்று தெற்கின் குளங்களில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை ஒழுங்காக அனுமதிக்க, ஒவ்வொரு குளத்திலும் சங்கமும் அதிகாரிகளும் இருந்து பார்க்க வேண்டும். வெறும் தடை எழுதுவது அதைவிட எளிது.

முதல் மாரி மழையோடு இன்னொரு சேதம் நடக்கிறது. நீர் வரத்து தொடங்கியதும் சினையோடு மேலேறும் மீன்களை ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் குறுக்கே வலை கட்டி வாரிவிடுகிறார்கள். மீன் கைக்கெட்டும் தூரத்தில் துள்ளும்போது பிடிக்காமல் விடச் சொல்வது கடினம்தான். எனினும் அன்று பிடிபடும் ஒரு கெழுத்தியின் வயிற்றில் அடுத்த கோடைக்கான கெழுத்திகள் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் சிக்கலானது தண்ணீர்தான். நீர்மட்டம் ஏறி இறங்குவது மீனுக்கு முழுத் தீமை அல்ல. கோடையில் வெளிப்படும் குளத்தரையில் புல் முளைக்கிறது, மாடுகள் மேய்ந்து சாணம் போடுகின்றன. மாரியில் அது மூழ்கும்போது குளத்துக்கு உரமாகி, மீனுக்கு இரையாகிறது. ஆபத்து, இறக்கம் திடீரென்று நிகழும்போதும், கடைசியில் எஞ்சும் நீர் ஒரு குட்டையளவாகச் சுருங்கும்போதும்தான். குட்டைக்குள் ஒதுங்கிய மீனை ஒரே கிழமையில் வாரி எடுத்துவிடலாம். அதில் தாய் மீன்களும் போய்விடும். அடுத்த மாரிக்குப் பொரிப்பகக் குஞ்சைத் தவிர வேறு நம்பிக்கை மிஞ்சாது.

சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், துருசு எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் மாவட்டச் செயலாளர் தலைமையில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானமாகின்றன. அது விவசாயிகளுக்காகக் கூட்டப்படுவது. நெல்லுக்கே தண்ணீர் போதாத வருடத்தில் மீனுக்கென்று கேட்பது பலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் மீன்பிடியாளர் கேட்கக்கூடியது வயலுக்குரிய தண்ணீரை அல்ல. துருசுக்குக் கீழே எஞ்சும் ஆழத்தை இறைக்காமல் விடுவது, அந்த எஞ்சிய நீரில் சில வாரம் வலை போடாமல் இருப்பது, மட்டத்தைப் படிப்படியாக இறக்குவது ஆகிய மூன்றும்தான். இரண்டாவதை மீன்பிடிச் சங்கமே செய்யலாம். மற்ற இரண்டுக்கும் அந்தக் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு கதிரை வேண்டும்.