தொழிலாளியைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் எண்: 100-லிருந்து 10, மீண்டும் 20

புது தில்லி: ஒரு தொழிற்கூடம் சட்டத்தின் பார்வையில் எப்போது "தொழிற்சாலை" ஆகிறது? அங்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது தீர்மானிக்கப்படுகிறது. 1881-ல் இயற்றப்பட்ட முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் அந்த எண்ணை 100 என்று வகுத்தது. 1891-ல் அது 50 ஆனது. 1922-ல் 20 ஆனது. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம், மின்விசை பயன்படுத்தும் கூடங்களுக்கு அதனை 10 ஆகக் குறைத்தது.

2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தபோது, அந்த எண் மீண்டும் 20 ஆனது. மின்விசை இல்லாத கூடங்களுக்கு 20 என்றிருந்தது 40 ஆனது. ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் 2014 முதலே தம் எல்லைக்குள் இத்தகைய திருத்தத்தைச் செய்திருந்தன. எனினும், நாடு முழுவதற்குமான சட்டத்தில் இந்த எண் மேல்நோக்கி நகர்ந்தது ஏறத்தாழ 140 ஆண்டுகளில் இதுவே முதல் முறை.

வெறும் எண்தானே என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. எந்த வயதினர், எந்த வேலையில், எவ்வளவு கூலிக்கு உழைக்கிறார்கள் என்பதை அரசு அறிந்துகொண்டதெல்லாம் இந்த எல்லைக்கோட்டுக்கு உள்ளேதான். கோட்டுக்கு வெளியே இருந்தவர்களின் வயதும் கூலியும் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இந்தியத் தொழிற்சாலைகளின் வரலாறு திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் இது.

லங்காஷயரின் கவலை

பம்பாயில் பருத்தி ஆலைகள் பெருகத் தொடங்கிய 1870-களில், அங்கு குழந்தைகள் வேலை செய்வது பற்றிய கேள்வி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது. அக்கேள்வியை எழுப்பியவர்களில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு போன்ற சீர்திருத்தவாதிகளும் இருந்தனர். இந்திய ஆலைகளின் மலிவுக் கூலியால் தம் சந்தை பறிபோகும் என அஞ்சிய லங்காஷயர் ஆலை அதிபர்களும் இருந்தனர். 1875-ல் பம்பாய் அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்துச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 7 முதல் 12 வயது வரையிலானோரின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 9 மணியாக வரையறுத்தது. அவர்களுக்கு ஒரு மணி நேர ஓய்வும், மாதத்துக்கு 4 விடுமுறை நாள்களும் அளித்தது. வயது வந்தோரின் வேலை நேரம் பற்றியோ கூலி பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆலைத் தொழிலாளரின் குரலை முதலில் ஒழுங்குபடுத்தி ஒலிக்கச் செய்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. அவரது முயற்சியால் 1890-ல் பம்பாய் ஆலைகளில் ஞாயிறு வார விடுமுறை கிடைத்தது. மறு ஆண்டுச் சட்டம் குறைந்தபட்ச வயதை 9 ஆக உயர்த்தி, குழந்தைகளின் வேலை நேரத்தை 7 மணியாகவும் பெண்களின் வேலை நேரத்தை 11 மணியாகவும் நிர்ணயித்தது. 1922-ல் குறைந்தபட்ச வயது 12 ஆயிற்று. வயது வந்தோரின் வேலை நேரம் நாளொன்றுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்றாயிற்று. 1919-ல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டின் விளைவு அது. பொது நெறியாக வாரம் 48 மணி என்று முடிவு செய்த அம்மாநாடு, இந்தியாவுக்கு 60 மணி என்று சலுகை அளித்திருந்தது.

பல்லைப் பார்த்து வயது

சட்டத்தில் வயதைக் குறிப்பது எளிது. ஆலை வாயிலில் அதை அறிவது எளிதாக இல்லை. பிறப்புப் பதிவு என்பதே அரிதாயிருந்த காலத்தில், சான்றளிக்கும் மருத்துவர்கள் சிறுவர்களின் பற்களையும் உடல் வளர்ச்சியையும் பார்த்தே வயதைக் கணித்தனர்.

இந்தச் சான்றிதழே கூலியையும் தீர்மானித்தது. குழந்தை என்று சான்று பெற்றவர் அரை நேரத் தொழிலாளி. வயது வந்தவர் என்று சான்று பெற்றவர் முழு நேரத் தொழிலாளி. ஒரு சிறுவனின் வயதைக் கூட்டிச் சொல்வதால் குடும்பத்துக்குக் கூடுதல் வருவாய் கிடைத்தது. ஆலைக்கு நீண்ட நேர உழைப்பு கிடைத்தது. ஒரே நாளில் இரண்டு ஆலைகளில் அரை நேர வேலை பார்த்த சிறுவர்களும் இருந்தனர். குறிப்பாக ஆமதாபாத்தில் இது பரவலாக இருந்தது. 1926-ல் வந்த திருத்தம், பிள்ளைகளை இவ்வாறு அனுப்பும் பெற்றோரையும் தண்டனைக்கு உள்ளாக்கியது. குடும்பத்தின் கூலி போதாமையே சிறுவரை இரண்டாவது ஆலைக்கு அனுப்பியது என்பதற்கு அந்தத் திருத்தத்தில் மருந்து இல்லை.

பிரிவுக்கொரு கூலி

பம்பாய் ஆலைக்குள் எல்லோரும் ஒரே தொழிலாளர் அல்லர். இரண்டு தறிகளைக் கவனிக்கும் நெசவாளர், நெய்த துணியின் அளவுக்கேற்பக் கூலி பெற்றார். ஆலைத் தொழிலாளர்களில் மேல்நிலை வருவாய் பெற்றவர்களில் அவரும் ஒருவர். நூற்புப் பிரிவில் பெரும்பாலோர்க்கு மாதக் கூலி. நூல் நிரம்பிய கண்டுகளை எடுத்துவிட்டு வெற்றுக் கண்டுகளைப் பொருத்துவது சிறுவர் வேலை. நூல் சுற்றும் பிரிவுகளில் பெண்கள். அவர்களுக்குக் கூலி குறைவு. இவர்கள் அனைவருக்கும் மேலே "ஜாபர்" எனப்பட்ட மேஸ்திரி. ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் கையில் இருந்ததால், தொழிலாளர் அவருக்குக் கையூட்டு தரவேண்டியிருந்தது. பெண்கள் பிரிவில் இதே அதிகாரம் "நாய்கின்" எனப்பட்ட பெண் மேற்பார்வையாளரிடம் இருந்தது.

கூலி கூடுதலாகக் கிடைத்த நெசவுப் பிரிவின் கதவு தலித் தொழிலாளருக்கு மூடப்பட்டிருந்தது. நாடாவில் நூலைக் கோக்க அதை வாயால் உறிஞ்ச வேண்டும். அதே நாடாவை மற்றவரும் வாயில் வைக்க வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். 1928-ல் பம்பாய் ஆலைகளில் மாதக்கணக்கில் நீடித்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இப்பிரச்சினையை எழுப்பினார். எந்தப் பிரிவில் யாருக்கு இடம் என்பதே கூலி எவ்வளவு என்பதை முடிவு செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த வேறுபாடுகளை எண்களாகத் திரட்டும் பணியை, 1921-ல் தோன்றிய பம்பாய் தொழிலாளர் அலுவலகம் மேற்கொண்டது. பருத்தி ஆலைகளின் கூலி, வேலை நேரம் பற்றி அந்த அலுவலகம் நடத்திய விசாரணையின் அறிக்கை 1923-ல் வெளியாயிற்று. ஆண்கள், பெண்கள், வளர்ந்த பையன்கள், குழந்தைகள் என வகைப்படுத்தி, பிரிவுவாரியாகக் கூலியை அது பட்டியலிட்டது. அதன்பின் கூலித் தகராறுகளில் இரு தரப்பாரும் கையில் எடுத்தது இத்தகைய எண்களையே.

எல்லைக்கு வெளியே

பட்டியலில் இடம்பெறாத கூடங்களின் நிலை என்ன? ஜே.எச். விட்லி தலைமையிலான தொழிலாளர் நலனுக்கான அரச ஆணையம் 1931-ல் அளித்த அறிக்கையில் இதற்கு விடை உண்டு. சட்டத்தின் வரம்புக்குள் வராத பீடிக் கூடங்கள், கம்பளக் கூடங்கள், தோல் பதனிடும் இடங்கள் முதலியவற்றை ஆணையம் ஆராய்ந்தது. இத்தகைய கூடங்கள் சிலவற்றில் 5 வயதுக் குழந்தைகள் கூட, முறையான உணவு இடைவேளையோ வார விடுமுறையோ இன்றி, நாளொன்றுக்கு 10 அல்லது 12 மணி நேரம் உழைப்பதை அது பதிவு செய்தது. மிக இளையவர்களுக்குக் கிடைத்த நாள் கூலி 2 அணா அளவுக்குக் குறைந்திருந்தது.

பெரிய ஆலையில் 12 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றமாகி 9 ஆண்டுகள் ஆன பின்னரும் கண்ட நிலை இது. முன்கடன் பெற்றுக் குழந்தைகளின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தையும் ஆணையம் வெளிப்படுத்தியது. அதன் பயனாக 1933-ல் குழந்தை உழைப்பு அடகுத் தடைச் சட்டமும், கூலியைத் தாமதிப்பதையும் விருப்பம்போல் அபராதம் பிடிப்பதையும் கட்டுப்படுத்தும் கூலி வழங்கல் சட்டம் 1936-லும் வந்தன.

சுதந்திர இந்தியா வரைந்த கோடு

வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த அம்பேத்கரின் காலத்தில், 1946-ல், ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வேலை நேரம் வாரம் 48 மணியாகக் குறைக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குறைந்தபட்ச வயதை 14 ஆக்கியது. 18 வயதுக்கு உட்பட்டோர்க்கு உடல் தகுதிச் சான்றும் தனிக் கட்டுப்பாடுகளும் விதிக்கப்பட்டன. அரசியல் சட்டத்தின் 24-வது பிரிவு, 14 வயதுக்கு உட்பட்டோரைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது.

அதே 1948-ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம், வயது வந்தோர், வளரிளம் பருவத்தினர், குழந்தைகள், பயிற்சித் தொழிலாளர் ஆகியோர்க்கு வெவ்வேறு கூலி நிர்ணயிக்க இடமளித்தது. ஒரே தொழிலின் வெவ்வேறு வேலைகளுக்கும் அவ்வாறே. ஆனால், அட்டவணையில் சேர்க்கப்பட்ட தொழில்களுக்கு மட்டுமே அச்சட்டம் பொருந்தும். 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒருவரின் கூலி மூன்று நுகர்வு அலகுகள் கொண்ட குடும்பத்தைக் காப்பாற்றப் போதுமானதாக இருக்கவேண்டும் என்ற நெறியை வகுத்தது. மத்தியத் தொழிலாளர் செயலகம் 1958-59-ல் தொழில்வாரிக் கூலி ஆய்வுகளைத் தொடங்கியது.

இருந்தும், குழந்தைத் தொழிலாளர் மறையவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளில் சுமார் 1.01 கோடி பேர் வேலை செய்துவந்தனர். சிவகாசிச் சிறுவர்களைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு வழங்கிய பிறகும், 2016-ல் சட்டம் திருத்தப்படும் வரை, 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பதற்கான தடை குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டுமே இருந்தது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின் உதவுவதற்கு இப்போதும் விலக்கு உண்டு.

ஒரு கை கொடுக்க, மறு கை...

மத்திய அரசின் நான்கு தொகுப்புச் சட்டங்கள் 29 தொழிலாளர் சட்டங்களின் இடத்தைப் பிடித்துள்ளன. இவற்றுள் 2019-ல் நிறைவேறிய கூலித் தொகுப்புச் சட்டம் ஒரு பழைய குறையை நீக்குகிறது. அட்டவணைத் தொழில் என்ற வரம்பு போய், எல்லாத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலி உரிமையாகிறது. மத்திய அரசு நிர்ணயிக்கும் அடித்தளக் கூலிக்குக் கீழே எந்த மாநிலமும் செல்லக்கூடாது. இதற்கு முன் தேசிய அடித்தளக் கூலிக்குச் சட்ட வலு கிடையாது. 1996-ல் நாளொன்றுக்கு 35 ரூபாயாகத் தொடங்கிய அது, 2017-ல் 176 ரூபாயாக உயர்ந்தது. அரசே அமைத்த நிபுணர் குழு 2019 ஜனவரியில் 375 ரூபாயைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஜூலையில் அறிவிக்கப்பட்டதோ 178 ரூபாய்.

கூலிக்கான உரிமை விரிவடைந்த வேளையில், தொழிற்சாலைக்கான வரையறை சுருங்கியது. இதற்கு வழிவகுத்த மசோதா 2020 செப்டம்பர் 22-ல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வேளாண் மசோதாக்கள் தொடர்பான அமளியில் உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரம் அது. 72 ஆண்டுகள் நின்ற ஒரு வரையறை மாறும்போது அவையில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் பல கேட்கப்படாமலே போயின.

அரசுத் தரப்பின் வாதத்தையும் புறந்தள்ள இயலாது. சட்டக் கெடுபிடிக்கு அஞ்சி ஆள் எண்ணிக்கையை ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளும் சிறு தொழில்கள் வளர இது உதவும் என்கிறது அரசு. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு குறித்த பொது விதிகள் தொடர்ந்து பொருந்தும். அபாயகரமான தொழிலென்றால் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் சட்டத்தை விரிவுபடுத்தலாம் என்றும் அது சுட்டுகிறது. தொழிற்சாலைகளுக்கே உரிய தனி விதிகளும் கண்காணிப்பும் சிறு கூடங்களிலிருந்து விலகிவிடும் என்பது மத்தியத் தொழிற்சங்கங்களின் மறுப்பு.

இவ்விவாதத்தில் அதிகம் பேசப்படாதது புள்ளிவிவரம். ஆண்டுதோறும் நடக்கும் தொழில்துறைக் கணக்கெடுப்பு, முதன்மையாகத் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ்ப் பதிவான கூடங்களின் பட்டியலையே அடிப்படையாகக் கொண்டு வந்தது. பட்டியல் சுருங்கினால் அதன்வழி அரசு அறிவதும் சுருங்கும். பதிவுபெறாத சிறு நிறுவனங்களைப் பற்றித் தனி மாதிரி ஆய்வு நடப்பது உண்மை. ஆனால், மாதிரி ஆய்வு சராசரியைச் சொல்லும். குறிப்பிட்ட கூடத்தில் வேலை செய்யும் 15 வயதுச் சிறுவனின் தகுதிச் சான்றையோ கூலிச் சீட்டையோ அது சோதிக்காது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் 2027-க்குத் தள்ளிப்போனது.

எல்லோருக்கும் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் சொல்வது முன்னேற்றமே. அது கிடைக்கிறதா என்று பார்க்க யாரேனும் அந்தக் கூடத்துக்குள் நுழைய வேண்டும். பழைய எல்லைக்கோட்டின்படி பட்டியலில் இருந்து, புதிய கோட்டினால் வெளியேறும் கூடங்கள் எத்தனை? அவற்றில் உழைப்போர் எத்தனை பேர்? அவர்களுள் 18 வயது நிரம்பாதவர் எத்தனை பேர்? மாநிலவாரியாக இந்த மூன்று எண்களையும் கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொரு உறுப்பினருக்கும் உண்டு. 2020 செப்டம்பரில் கேட்கத் தவறியதைக் கேட்பதற்கு, இரு அவைகளிலும் கேள்வி நேரம் இன்னும் இருக்கிறது.