நாற்பது கிளிகளும் ஓர் ஓவிய ஆசிரியரும்

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஓர் ஓவிய ஆசிரியர் குடியிருக்கிறார். ஐம்பது வயதைத் தொட்டவர். தஞ்சாவூரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேரமாகப் பணியாற்றுகிறார். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தவர், திண்ணையில் அமர்ந்து வெகுநேரம் மேட்டூர் அணைத் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். புறப்படும்போதுதான் வந்த காரணத்தைச் சொன்னார்.

"பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை அமைத்திருக்கிறார்கள், சார். வாரத்தில் ஒரு பாடவேளையை ஓவியத்துக்கும் ஒதுக்கியிருக்கிறார் தலைமையாசிரியர். எனக்கு அந்தக் கணினியைத் திறக்கவே தெரியாது. பிள்ளைகள் முன்னால் போய் நிற்க வெட்கமாக இருக்கிறது. நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்."

பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இதில் சொல்லித்தர என்ன தகுதி என்று அவர் கேட்கவில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய கல்லூரியில் கணினிகள் வாங்குவதற்கான குழுவில் நானும் ஓர் உறுப்பினர். விலைப்புள்ளிகளை ஒப்பிட்டோம், குளிர்சாதனக் கருவிக்கும் மேசை நாற்காலிகளுக்கும் நிதி ஒதுக்கினோம். ஆசிரியர்கள் அவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதற்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. காலணியைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அந்த அறையில், உறை போர்த்திய கணினிகள் பழையனவாகிப் போயின. மூலதனச் செலவு குறித்து மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவன், கண்முன் நடந்த விரயத்தைக் காணத் தவறினேன். அந்தக் கடனைத் தீர்க்கும் எண்ணத்தோடுதான் ஓவிய ஆசிரியருக்கு ஒப்புக்கொண்டேன்.

இவரைப் போன்றவர்கள் யார் என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 குழந்தைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் கலை, உடல்நலம் மற்றும் உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது. 2012-இல் தமிழக அரசு, அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் பணி. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பின்னர் அத்தொகை சில முறை உயர்த்தப்பட்டபோதிலும், பணிநிலை பகுதிநேரமாகவே தொடர்ந்தது. தேர்வு நெருங்கும்போது முதலில் காணாமற்போவதும் இவர்களுடைய பாடவேளைதான்; அதைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும்.

முதல் இரண்டு வாரங்கள் அடிப்படைகளிலேயே கழிந்தன. கணினியையும் திரையையும் இணைக்கும் கம்பி எது, படத்தைத் தேடுவது எப்படி, கிடைத்ததைச் சேமிப்பது எங்கே என்பவை எங்கள் பாடங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு அஞ்சியவர், தமிழில் பேசியே தேடலாம் என்று அறிந்ததும் சிறு பிள்ளைபோல் மகிழ்ந்தார். பள்ளியில் இணைய இணைப்பு எப்போது அறுபடும் என்று சொல்ல முடியாது. ஆகையால், தேவையான படங்களை முதல் நாளே இறக்கிப் பென்டிரைவில் எடுத்துச் செல்லும் வழக்கத்தை அவரே ஏற்படுத்திக்கொண்டார்.

தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, முதல் வகுப்பன்று கடைசி பெஞ்சில் நானும் அமர்ந்திருந்தேன். கிளி வரைவது எப்படி என்று காட்டும் ஒரு காணொளியை ஆசிரியர் ஓடவிட்டார். இடையில் ஒரு சோப்பு விளம்பரம் வந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். காணொளி முடிந்தபோது ஏழாம் வகுப்பின் நாற்பது மாணவர்களும் நாற்பது கிளிகளை வரைந்திருந்தனர். எல்லாம் இடப்பக்கம் பார்க்கும் கிளிகள். எல்லாவற்றுக்கும் ஒரே வளைவில் வால். வெற்றி என்றே நான் நினைத்தேன். ஆசிரியர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் முகம் வாடியிருந்தது.

வெளியே வந்ததும் சொன்னார்: "பள்ளி வேப்பமரத்தில் தினமும் கிளி வந்து உட்காருகிறது, சார். ஒரு பிள்ளைகூட அதைப் பார்த்து வரையவில்லை. இதற்கு நான் எதற்கு?"

பொருளியலில் மாற்றுப் பொருள், இணைப் பொருள் என்று இரு வகைகளைச் சொல்வோம். காப்பிக்குத் தேநீர் மாற்று. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டியதில்லை. பேனாவுக்கு மை இணை. ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனில்லை. அன்றைய வகுப்பில் திரை ஆசிரியருக்கு மாற்றாகிவிட்டது. அதை இணையாக ஆக்குவது எப்படி என்பதே அதன்பின் அவர் தேடிய விடை. அந்த விடையை நான் சொல்லித்தரவில்லை, கண்டுபிடித்தவர் அவர்தான்.

எப்படி வரைவது என்று காட்டுவதற்குத் திரையைப் பயன்படுத்துவதை அவர் நிறுத்திவிட்டார். பிள்ளைகளால் போய்ப் பார்க்க முடியாததைப் பார்க்கவைக்க மட்டும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். முதலில் எடுத்துக்கொண்டது தஞ்சைப் பெரிய கோயிலை. அந்தப் பிள்ளைகளில் பலர் அங்கே போனவர்கள்தாம். ஆனால், கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய, இருண்ட திருச்சுற்றில் சோழர் காலச் சுவரோவியங்கள் இருப்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த அவற்றை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஓவியங்களின் பாதுகாப்புக் கருதிப் பொதுமக்கள் அங்கே அனுமதிக்கப்படுவதில்லை. முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் இருந்தும், காண முடியாத செல்வம் அது.

சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குச் செல்லும் காட்சி திரையில் விரிந்தது. ஆசிரியர் ஒன்றும் விளக்கவில்லை. மூன்று நிமிடம் பேசாமல் பாருங்கள் என்றார். பிறகு திரையை அணைத்துவிட்டு, நினைவில் நின்ற ஒரே ஒரு கோட்டை வரையச் சொன்னார். ஒருவன் குதிரையின் கழுத்தை வரைந்தான். ஒரு சிறுமி விரல்களை மட்டும் வரைந்தாள். இம்முறை நாற்பது தாள்களும் நாற்பது விதமாக இருந்தன. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரில், மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்த நிறங்களால் வரைந்தவை அவை என்று அதன்பின் விளக்கினார். அடுத்த வாரம் பிள்ளைகள் செங்கல் தூளும் அடுப்புக்கரியும் மஞ்சளும் கொண்டுவந்து குழைத்தார்கள்.

திரைக்கு ஒரு குறை உண்டு. எல்லாப் படங்களையும் அது ஒரே அளவாக்கிவிடும். லியனார்டோ டாவின்சியின் மோனலிசா 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் கொண்டது. போரின் கொடுமையைக் காட்டி 1937-இல் பிக்காசோ வரைந்த குவெர்னிகாவோ ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் கொண்டது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆசிரியர் பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் சென்று, இரண்டின் அளவையும் கோலமாவால் தரையில் கோடிட்டுக் காட்டச் சொன்னார். மோனலிசாவின் கட்டத்துக்குள் ஒரு பிள்ளை குந்தி உட்கார்ந்தான். குவெர்னிகாவின் கட்டத்துக்குள் வகுப்பு முழுவதும் நின்றது.

நிறத்தைப் பற்றிய பாடம் இன்னும் வியப்பானது. சிவப்பு வண்ணத்தையும் பச்சை வண்ணத்தையும் குழைத்தால் கலங்கிய பழுப்பு வரும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அறிவியல் ஆய்வகத்திலிருந்து வாங்கிவந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைத் திரையின் மஞ்சள் பகுதியில் வைத்துப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். அங்கே மஞ்சள் இல்லை. சிவப்பும் பச்சையுமான நுண்ணிய கோடுகள் மட்டுமே ஒளிர்ந்தன. திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. வண்ணக்குழம்போ தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே திரையில் காணும் நிறம், சுவரில் உள்ள ஓவியத்தின் நிறமே ஆகாது. கருவியைப் பயன்படுத்தக் கற்றவர், கருவியை முழுவதும் நம்பிவிடக் கூடாது என்பதையும் கற்பித்தார். அறுபது வயதைக் கடந்த நானும் அன்றுதான் அதைக் கற்றேன்.

படங்கள் மலிவாவது புதிதன்று. 1894-இல் ராஜா ரவிவர்மா மும்பையில் தொடங்கிய அச்சகம், அரண்மனைச் சுவர்களில் இருந்த ஓவியங்களின் அச்சுப்படிகளை எளிய வீடுகளுக்குக் கொண்டுசென்றது. இன்று அவ்விலை ஏறக்குறைய சுழியமாகிவிட்டது. 2011-இல் கூகுள் நிறுவனம் 17 அருங்காட்சியகங்களுடன் தன் கலைத் திட்டத்தைத் தொடங்கியது. 2017-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஏறத்தாழ 3,75,000 படங்களை எவரும் கட்டணமும் அனுமதியும் இன்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. படம் மலிவாகிவிட்டது. அதைப் பார்க்கக் கற்றுத்தரும் மனிதரின் நேரம் மட்டும் மலிவாகவில்லை.

இதற்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் ஆகிய இரு அறிஞர்கள் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரத்தை ஆராய்ந்தனர். தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்ய ஆகும் நேரம் இயந்திரங்களால் குறைந்துகொண்டே போகிறது. ஆனால், நால்வர் வாசிக்கும் ஓர் இசைக்கோவைக்குப் பீத்தோவன் காலத்திலும் நால்வர்தான் தேவை, இன்றும் நால்வர்தான் தேவை; ஆகும் நேரமும் அதேதான். கற்பித்தலும் அவ்வகையைச் சேர்ந்ததே. ஒரு பிள்ளையின் தாளைக் கையில் எடுத்து, "இந்தக் கோட்டை ஏன் இங்கே நிறுத்தினாய்?" என்று கேட்பதற்கு ஆகும் நேரத்தை எந்தத் திரையும் குறைப்பதில்லை.

கூடுதலாக ஒரு நேரமும் தேவைப்படுகிறது. ஒரு 40 நிமிட வகுப்புக்காக அந்த ஆசிரியர் வீட்டில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் செலவிடுகிறார். தம் சொந்தக் கைப்பேசியில், சொந்தச் செலவில். மாதம் நான்கு வகுப்புகளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். அரை நாளை மூன்று மணி நேரம் எனக் கொண்டால், அவர் மாதத்தில் ஊதியம் பெறும் நேரம் 36 மணிதான். அதில் மூன்றில் ஒரு பங்கு உழைப்பை அவர் பள்ளிக்கு இலவசமாகத் தருகிறார். திரைக்கான செலவு எந்தக் கணக்கில் எழுதப்பட்டாலும், இந்தச் செலவு எதிலும் எழுதப்படவில்லை.

இதைச் சரிசெய்யப் பெரும் நிதி தேவையில்லை. கருவிகளுக்கு நிதி ஒதுக்கும்போதே, ஆசிரியர் கற்பதற்கும் பாடம் தயாரிப்பதற்கும் ஊதியத்துடன் கூடிய நேரத்தை ஒதுக்க வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. அதில் ஓவியம், இசை ஆசிரியர்களுக்கு அவரவர் பாடம் சார்ந்த பயிற்சி இடம்பெற வேண்டும். கோலமாவுப் பாடத்தையும் உருப்பெருக்கிப் பாடத்தையும் போன்றவற்றைத் தமிழில் தொகுத்து, எல்லாப் பள்ளிகளும் பயன்படுத்தும்படி வைக்கலாம். அனைத்துக்கும் மேலாக, திரை வந்துவிட்டது என்பதைக் காரணம் காட்டி ஓவிய ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக விடக் கூடாது. அப்படி விட்டால் நமக்குக் கிடைப்பவை நாற்பது கிளிகள்தாம்.

சென்ற மாதம் மீண்டும் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். திடலில் கோலமாவுக் கோடுகள் அழிந்துவிட்டிருந்தன. விரல்களை மட்டும் வரைந்த அந்தச் சிறுமி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "அவ்வளவு பெரிய படம் வரையக் காகிதம் எங்கே சார் கிடைக்கும்?" ஆசிரியர் சற்று யோசித்தார். மறுநாள் எல்லோரும் வீட்டிலிருந்து பழைய செய்தித்தாள்களும் கொஞ்சம் பசையும் கொண்டுவர வேண்டும் என்றார்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)